தெருவெலாம் ஒளியை வீசி

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சுக்கூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். என் வேலை அழுவது. முன்பின் தெரியாத ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய மனைவியாகவும் மக்களாகவும் மருமக்களாகவும் மாறி மாறி நின்று, எதுகை மோனை பிசகாமல் அழ வேண்டும். இப்போது நினைத்தாலும் தோள்பட்டை வலிக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளை முடித்து, மத்தியானம் பந்தி வைத்து, வந்தவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். கல்லும் கிடையாது, வெட்டும் கிடையாது, காகிதமும் மையும்தான். முன்பக்கத்தில் படம், அடுத்து வம்சம், அதன் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று வரிசையாக வரும். சாப்பாடு முடிந்ததும் ஒருவர் அதை ராகத்தோடு வாசிப்பார். உள்ளே பெண்கள் அழுவார்கள்; வெளியே ஆண்கள் தொண்டையைச் செருமுவார்கள். மனைவி புலம்பலை எந்த மனைவியும் எழுதியதில்லை. மீசை வைத்த நான்தான், மை நாற்றத்துக்குள் ஒரு முக்காலியில் குந்தியிருந்து, 'என் நாயகனே' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்கு உருவகங்களைப் பற்றித் திட்டமான கொள்கை இருந்தது. அறுபதுக்கு மேற்பட்ட ஆண் ஆலமரம். அறுபதுக்குக் கீழே என்றால் விளக்கு. ஆலமரமாவதற்கு வயது காணாது. கடை வைத்திருந்தவர் கற்பகதரு. படிப்பித்தவர் ஞானக்கடல். தாய்மார் எல்லோரும் தெய்வம். இதிலே மூளையைக் கசக்க என்ன இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அடிக்கடி தேவைப்படும் பாட்டுகளை அச்சுக் கோர்த்தபடியே நூலால் கட்டி, சுவரோரம் ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தோம். ஈயத்தில் இரண்டு ஆலமரம், ஒரு கற்பகதரு, ஒரு கடல், ஒரு விளக்கு. கொழும்பில் கந்தோர் உத்தியோகத்தர்கள் அறுபதைக் காண்பது அரிதாக இருந்ததால் விளக்குக்குத்தான் வேலை அதிகம். எழுத்தின் முனைகள் மழுங்கி, 'ளக்கே' என்ற இடத்தில் மை அப்பிக்கொள்ளும்.

அந்த விளக்குப் பாட்டு என்னுடையதுதான். சேர்ந்த முதல் வருடத்தில் எழுதியது.

திருவளர் குலத்தின் சோதி தெளிவுறு மணிவிளக்கே
இருளினில் எம்மை விட்டே இன்றுநீ அணைந்ததென்னே
தெருவெலாம் ஒளியை வீசித் திகழ்ந்திட நின்ற தீபம்
ஒருவரும் அறியா வண்ணம் ஒளிந்ததும் எங்கே ஐயா

தளை தட்டாது, ராகத்துக்கு இசைவாக நிற்கும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எழுதியபோது ஒரு விளக்கும் என் கண்முன் இருக்கவில்லை. 'திருவளர்' என்று தொடங்கியதால் 'இருளினில்' வந்தது, 'இருளினில்' வந்ததால் 'தெருவெலாம்' வந்தது. எதுகை இழுத்த பக்கம் நான் போனேன்.

தொடக்கத்தில் எனக்கும் ஆசை இருந்தது. ஒருமுறை ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இறந்தார். வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரும் இவரிடம்தான் தங்கிக் களைப்பாறிப் போவார்கள் என்று மகன் சொன்னான். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ரயில் நிலையத்து மேடையில் பிரயாணிகள் உட்காரும் நீண்ட மர வாங்கை நினைத்துக்கொண்டு, வருபவர் எல்லாம் இருந்து இளைப்பாறிய வாங்கே என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை மகன் கையில் புரூஃபோடு வந்து நின்றான். 

"எங்கடை அப்பாவை வாங்கு எண்டு எழுதிப் போட்டியளே! சனம் வந்து குந்துறதுக்கோ அவர் இருந்தவர்?"

முதலாளி அவனை இருத்தித் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "ஐசே, ஆக்கள் செத்த வீட்டிலே புதுசு தேடுறதில்ல. பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன போட்டமோ அதத்தான் தங்கட ஆளுக்கும் கேப்பாங்க. குறைஞ்சாத்தான் சண்டை." ஸ்டேஷன் மாஸ்டர் ஆலமரமானார். நானும் அத்தோடு அடங்கினேன். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டப் போவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு அரைத்த மாவையே அரைத்தேன். அது சுகமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பிறகு யுத்தம் வந்தது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அடுத்த கிழமையே பாதிச் சனம் யாழ்ப்பாண ரயிலில் ஏறிவிட்டது. என் மனைவியையும் பிள்ளையையும் நானும் ஏற்றிவிட்டேன். கிருலப்பனையில் எடுத்திருந்த வீட்டில் நான் தனியே சோறாக்கித் தனியே தின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு ஒரு போஸ்ட்கார்ட் போடுவேன். நான் சுகம், அரிசிதான் தட்டுப்பாடு, பிள்ளையை வெயிலில் விடாதே. ஒவ்வொரு கிழமையும் அதே மூன்று வசனங்கள்தான். கடைசியில் மனைவி, தேதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும் என்று பதில் போட்டாள். அவள் பகிடியாகத்தான் எழுதியிருப்பாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

காகிதத்துக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. பதினாறு பக்கக் கல்வெட்டு எட்டுப் பக்கமாகி, எட்டு நாலாயிற்று. ஒவ்வொரு உறவுக்கும் ஒரே ஒரு பாட்டு என்று முதலாளி உத்தரவு போட்டார். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே பாட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு அழ வேண்டும்.

அந்த நாட்களில்தான் வெள்ளவத்தையிலிருந்து அந்த அம்மா வந்தார். காலை பத்து மணியிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் ஆண்கள் பிடிக்கிற கறுப்புக் குடை. வயது நாற்பத்தைந்துக்குள்தான். வழக்கமாக இப்படியான வேலைக்கு வீட்டு ஆண்கள்தான் வருவார்கள். இவர் தனியே வந்திருந்தார். முக்காலியை இழுத்துக் கொடுத்தேன். பையிலிருந்து பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, "அளவு இப்பிடி இருந்தால் போதும்" என்றார். காகிதம் கிடையாது, இதில் கால்வாசிதான் வரும் என்றேன். தலையாட்டினார். அந்தப் புத்தகத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கணவர் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். ஐம்பத்திரண்டு வயது. வேலை முடிந்து வந்து வெள்ளவத்தை ஸ்டேஷன் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. இவ்வளவையும் அந்த அம்மா, சந்தைக்குப் போய் வந்த கதை சொல்வதுபோல் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துப் புத்தகத்தை மூடப் போனபோது அவர் எழும்பவில்லை.

"தம்பி, மனைவி புலம்பலை மட்டும் நீங்கள் வடிவா எழுதித் தர வேணும்."

"எழுதுவம் அக்கா."

"அப்பிடியில்லை. எனக்கு அழுகை வாற மாதிரி எழுத வேணும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"நான் இன்னும் அழேல்லை. ஸ்டேஷனிலையிருந்து அவரைக் கொண்டு வரேக்கையும் அழேல்லை, எடுக்கேக்கையும் அழேல்லை. மச்சாள் ஊரிலையிருந்து வந்து நிக்கிறா. கல்லு மாதிரி இருக்கிறாள் எண்டு எனக்குக் கேக்கத்தான் கதைக்கிறா. கதைக்கட்டும். எனக்கு அதில்லைத் தம்பி. இஞ்சை ஒண்டு அடைச்சுக்கொண்டு நிக்குது." மார்பைத் தொட்டுக் காட்டினார். "முப்பத்தொண்டுக்குப் பிறகு ஒருத்தரும் வரமாட்டினம். மச்சாளும் போயிடுவா. அதுக்குப் பிறகு அழுறதெண்டால் தனிய இருந்து அழ வேணும். எனக்குத் தனிய அழத் தெரியாது."

இப்படி ஒரு வேண்டுகோளை அந்த முக்காலியில் இருந்து யாரும் கேட்டதில்லை. எழுத்துக்கூலி எவ்வளவு, படம் தெளிவாக வருமா, பட்டத்தை எங்கே போடுவீர்கள் என்றுதான் கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம் பயமாகவும், பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரு புரூஃப் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன்.

"நல்ல மனிசன். ஏசுவார்."

"என்னத்துக்கு?"

"எல்லாத்துக்கும். சோறு குழைஞ்சால் ஏசுவார், பேப்பரை ஒழுங்கா மடிக்காட்டி ஏசுவார். ஏசிப்போட்டுத் தேத்தண்ணி கேப்பார்." யோசித்தார். "யுத்தம் துவங்கினாப் பிறகு லேனுக்கு அவர்தான் ஏ.ஆர்.பி. வார்டன். கையிலை பட்டி, கழுத்திலை விசில். ஆறு மணியெண்டால் இருட்டடிப்புப் பாக்க வெளிக்கிட்டிடுவார். ஒரு வீட்டு யன்னலாலை ஒரு கீற்று வெளிச்சம் தெரியக்கூடாது. முனைக்கடை முஸ்லிம் நானாவோடை ஒவ்வொரு நாளும் சண்டை."

எல்லாவற்றையும் எழுதினேன். ஏசுவார். தேத்தண்ணி. வார்டன். நானா. புறப்படும்போது அந்த அம்மா குடையை விரித்தபடி வாசலில் நின்று, "நீங்கள் எழுதுவியள் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைச் சொல்லாமல் போயிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

மூன்று நாள் முயன்றேன். எல்லாம் வேலை முடிந்த பிறகு, மேசையில் தலையைக் கவிழ்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு செய்த முயற்சிதான். முதலில் வேலி என்று எழுதினேன். வேலி ஆட்டைத் தடுக்கும். அதற்கு யார் அழுவார்கள்? குடை என்று எழுதினேன். அந்த அம்மாவின் கையில் இருந்தது இறந்தவருடைய குடைதான் என்று எனக்குத் தோன்றியிருந்தது. ஆனால் பாட்டில் வைத்தவுடன் அது எல்லோர் வீட்டுக் குடையாகவும் ஆகிவிட்டது. அரசனின் வெண்கொற்றக்குடை என்று பழைய உவமை வேறு வந்து நின்று பல்லிளித்தது. காவல் தெய்வம், கடிவாளம், கைத்தடி எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கும் அந்த மனிதருடைய குரல் இருக்கவில்லை. ஏசிவிட்டுத் தேநீர் கேட்கிற மனிதருக்கு எந்த உவமை பொருந்தும்? ஒருவேளை என்னை விடக் கெட்டிக்காரன் ஒருவன் கண்டுபிடித்திருப்பான். எனக்கோ ஒரு பாட்டின் முதல் சீரிலேயே கொட்டாவி வந்தது.

நாலாம் நாள் முதலாளி வந்து நின்றார். காகிதம் வந்திருக்கிறது, இன்றைக்கு அடிக்காவிட்டால் அதை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவேன், முப்பத்தொன்று வருகிற கிழமை என்றார். நான் புரூஃப் தாளைப் பார்த்தேன். அடித்து அடித்துக் கறுப்பாகியிருந்தது. எழும்பிப் போய்த் தட்டிலிருந்த விளக்கை எடுத்து அச்சுக் கோர்ப்பவரிடம் கொடுத்தேன். ஐம்பத்திரண்டு வயது, விளக்குத்தானே என்றேன். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அப்படியே போனது. அன்றைக்கு எனக்கு நித்திரை நன்றாக வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

புத்தகங்கள் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு போஸ்ட்கார்ட் வந்தது. வழக்கமாகக் கல்வெட்டு வாசிக்கிறவர் யாழ்ப்பாணம் போய்விட்டார், நீங்களே வந்து வாசித்துத் தர வேண்டும் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். புத்தகத்தைப் பார்த்தேன் என்றோ, பாட்டு நன்று என்றோ, நன்றில்லை என்றோ அதில் ஒரு சொல் இல்லை. கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். போகாமல் விடுவதற்கு எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.

காலையில் முகத்துவாரத்தில் கிரியைகளை முடித்துக்கொண்டு எல்லோரும் வந்திருந்தார்கள். நான் அச்சுக்கூடத்திலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கினேன். கடற்கரை நெடுக முள்ளுக்கம்பி. அவர் விழுந்த படியில் நானும் ஏறினேன். லேனுக்குள்ளே வீடுகளின் யன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. களைத்தவனுக்குக் கண் இருந்தும் இல்லை.

சாப்பாடு முடிந்தது. விறாந்தையில் லேன் ஆண்கள் இருந்தார்கள். முனைக்கடை நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக ஒரு கதிரையின் நுனியில் இருந்தார். உள்ளறை வாசலில் பெண்கள். மச்சாள், அதாவது இறந்தவரின் அக்கா, முன்னால் இருந்து ஏற்கெனவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து அந்த அம்மா. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு காத்திருப்பு தெரிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வீதியின் முனையைப் பார்ப்பதுபோல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வம்சத்தை வாசித்து முடித்தேன். மனைவி புலம்பல் என்று சொல்லி ராகத்தை எடுத்தேன். 'திருவளர் குலத்தின் சோதி.' ஒரு சத்தமில்லை. 'மணிவிளக்கே' என்று நீட்டியபோது கதிரை ஒன்று கிறீச்சிட்டது. 'இருளினில் எம்மை விட்டே இன்றுநீ அணைந்ததென்னே.' விறாந்தையில் யாரோ இருமினார்கள். அடுத்த வரிக்கு மூச்செடுத்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன். ஆறு மணிக்கு விசிலோடு புறப்பட்டு வீடு வீடாக விளக்கை அணைக்கச் சொன்ன மனிதரின் வீட்டில், அவரிடம் ஏச்சு வாங்கிய அத்தனை பேரையும் இருத்தி வைத்துக்கொண்டு, நான் இதை வாசிக்கப் போகிறேன். நிறுத்த முடியவில்லை; ராகம் என்னை இழுத்துக்கொண்டு போனது.

'தெருவெலாம் ஒளியை வீசித் திகழ்ந்திட நின்ற தீபம்.'

நானாவின் தோள் குலுங்கியது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினார். பொத்தியும் அடங்கவில்லை.

"அல்லாவே, இந்த மனுசனா? தெரு முழுக்க வெளிச்சம் போட்டவரு?" என்றார், தனக்குள் சொல்வதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி. "என்ட பெட்ரோமாக்ஸுக்குச் சாக்குப் போட்டு மூட வெச்ச மனுசன்!"

பக்கத்தில் இருந்தவர் அவரை அடக்கப் போய்த் தானே உடைந்தார். "என்ரை வாயிலை இருந்த சுருட்டை அணைப்பிச்சவர் ஐயா. ஜப்பான்காரன் மேலையிருந்து பாக்கிறானாம்." அவ்வளவுதான். விறாந்தை முழுவதும் சிரிப்பு. சாவீட்டில் அடக்கி அடக்கி வருகிற சிரிப்புக்கு வலு அதிகம். மச்சாள் எழும்பி நின்று, "என்ன சிரிப்பு இது! ஆரின்ரை வீட்டிலை நிண்டு சிரிக்கிறியள்!" என்று கத்தினார். நான் தாளைப் பிடித்தபடி, தரை பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவதைக் கேட்டிருக்கிறேன். இங்கே நான் பிள்ளையாரைப் பிடிக்க முயலவேயில்லை.

அப்போது உள்ளே இருந்து இன்னொரு சிரிப்புக் கேட்டது. சுவரோடு சாய்ந்திருந்த அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயை மூடவில்லை. "ஓம், ஓம்" என்றார். "சாமி விளக்கையும் விடேல்லை. படத்துக்கு முன்னாலை நிண்டு, நீரும் கொஞ்ச நேரம் இருட்டிலை இரும் எண்டு சாமிக்குச் சொல்லிப்போட்டு அணைச்சவர்." மறுபடியும் சிரித்தார். "ஒவ்வொரு நாளும் அணை, அணை எண்டு... இனி ஆர் வந்து என்னை அணைக்கச் சொல்லப் போயினம்?"

கடைசிச் சொல் வரும்போது குரல் மாறிவிட்டது. முதலில் அது அழுகை என்றே எனக்கு விளங்கவில்லை. சிரிப்பு தொண்டையில் சிக்கியதோ என்று நினைத்தேன். பிறகு அவர் இரண்டு கைகளாலும் தரையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முப்பத்தொரு நாள் அடைத்து நின்றது ஒரே மூச்சில் வந்தது. கத்திக்கொண்டிருந்த மச்சாள் அப்படியே குந்தி, தம்பி பெண்சாதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விறாந்தையில் சிரித்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். நானாவின் கைக்குட்டை இப்போது கண்ணில் இருந்தது. நான் நாலாவது வரியை வாசிக்கவில்லை. மற்றப் புலம்பல்களையும் வாசிக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

புறப்படும்போது நானா படலை வரை வந்தார். "மாஸ்டர், நல்லா எழுதி இருக்கிறீங்க. எங்கட வார்டன் ஐயாவ அப்பிடியே கொண்டு வந்து வெச்ச மாதிரி" என்றார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. தலையாட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு அந்த நாலு வரியை நான் விட்டபாடில்லை, அவை என்னையும் விட்டபாடில்லை. எத்தனையோ வீடுகளுக்கு அதே விளக்கு போயிருக்கிறது. எங்கும் பெண்கள் முறைக்கு அழுதார்கள், ஆண்கள் முறைக்குச் செருமினார்கள். மறுநாள் அந்தப் புத்தகத்தின் தாளைக் கிழித்து யாரோ சீனி சுற்றியிருப்பார்கள். இங்கே மட்டும் ஏன் பிடித்துக்கொண்டது? ஒன்றை இன்னொன்றென்று சொல்வது எப்படியும் பொய்தான். மனிதன் விளக்காவது ஏது? ஆனால் அன்று கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு விளக்கைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்: சாக்குப் போட்ட பெட்ரோமாக்ஸ், அணைத்த சுருட்டு, சாமி படத்துக்கு முன்னால் இருந்த திரி. என் வரியில் இருந்த வெற்றிடத்துக்குள் அவர்கள்தான் அவரைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். நான் சொன்னது அவருக்குத் தலைகீழாக இருந்தது. அப்படித் தலைகீழாக இருந்ததால்தான் உண்மையான மனிதர் அதற்குப் பக்கத்தில் எழும்பி வந்து நின்று ஏசினார் என்று இப்போது தோன்றுகிறது. அலங்காரம் படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கக்கூடும். எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒன்று: நான் அந்த அம்மாவை ஏமாற்றினேன். ஒரு மனிதருக்கென்று கேட்டதை ஊருக்கெல்லாம் விற்ற தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மிஞ்சிய இருபது புத்தகம் அச்சுக்கூடத்தில் ஒரு கட்டாகக் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, உண்மையைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். மழை என்பேன், தலையிடி என்பேன். இப்படியே ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் இருட்டடிப்பையும் தளர்த்திவிட்டார்கள்.

கடைசியில் ஒரு நாள் பின்னேரம் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். லேன் முனையில் நானாவின் பெட்ரோமாக்ஸ் சாக்கில்லாமல் சீறிக்கொண்டிருந்தது. வீடுகளில் யன்னல்கள் திறந்து கிடந்தன. கறுப்புக் கடதாசியைச் சுரண்டிய கீறல்கள் கண்ணாடிகளில் தெரிந்தன. அந்த அம்மா என்னைக் கண்டதும், "வாங்கோ தம்பி" என்று கதிரையைக் காட்டித் தேநீர் போடப் போனார். கொஞ்சம் மெலிந்திருந்தார். முகத்தில் முன்பிருந்த இறுக்கம் இல்லை.

தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டே தொடங்கினேன். "அக்கா, உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும். அந்தப் பாட்டு..."

"தெரியும்" என்றார்.

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, முதல் நாள் அச்சுக்கூடத்துக்குக் கொண்டு வந்த பழைய கல்வெட்டை எடுத்து வந்து விரித்து என் முன்னால் வைத்தார். அவருடைய தாய்மாமனின் கல்வெட்டு. எங்கள் அச்சுக்கூடத்து வேலைதான். மனைவி புலம்பல் என்ற தலைப்புக்குக் கீழே, திருவளர் குலத்தின் சோதி. 'ளக்கே' என்ற இடத்தில் மை அப்பியிருந்தது.

தேநீரைக் கீழே வைத்தேன். "அப்ப, புத்தகம் வந்த உடனையே கண்டனீங்களோ?"

"கண்டனான். கோவம்தான் வந்தது. உங்களைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னாலை வாசிக்க விட வேணும் எண்டுதான் கார்ட் போட்டனான். வாசிக்கேக்கை உங்கடை முகத்தைப் பாப்பம் எண்டு." சிரித்தார். "மாமாவுக்கு இதை வாசிச்ச அண்டைக்கு ஒருத்தருக்கும் கண் கலங்கேல்லை. இவர் பக்கத்திலை நிண்டு, எவ்வளவு நேரமடா வாசிக்கிறான் எண்டு புறுபுறுத்தவர். அதே பாட்டுத்தான். ஆரின்ரையோ பழைய சட்டை தம்பி. இவருக்கு அளவாயிருந்திட்டுது, என்ன செய்யிறது."

மன்னியுங்கோ என்று சொன்னேன். அவர் இருபது புத்தகத்தையும் எண்ணாமல் அலுமாரிக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் அரிசி விலையைப் பற்றிக் கதைத்தோம். என் மனைவி எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டார். வருகிற மாதம் கூப்பிடலாம் என்றிருக்கிறேன் என்றேன். அதை அந்த நிமிடம்தான் தீர்மானித்தேன்.

வெளியே இருட்டத் தொடங்கியது. அவர் விளக்கைக் கொளுத்தி மேசையில் வைத்தார். பிறகு யன்னலடிக்குப் போய், ஒரு பக்கமாகச் சுருட்டிக் கட்டியிருந்த தடித்த கறுப்புத் துணியை அவிழ்த்து, இரண்டு பக்கமும் இழுத்து, இடைவெளி தெரியாமல் நுனியை ஆணியில் மாட்டினார்.

"இப்ப தேவையில்லையே அக்கா" என்றேன். "லேன் முழுக்கத் திறந்துதான் வைச்சிருக்கினம்."

அவர் ஓரத்தில் ஒரு மடிப்பைச் சரிசெய்தார்.

"அவை வைப்பினம்" என்றார். "எனக்கெல்லே ஏசுவார்."